மூன்றாம் அடுக்கு, இடப்பக்கம்

பிப்ரவரி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை மாலையில், ரிம்மா சவேல்யெவ்னா தன் கனத்த பனிக்காலப் பூட்சுகளைக் கழற்றித் துணிப்பைக்குள் இட்டாள். அதே பையிலிருந்து கறுப்புத் தோல் செருப்புகளை எடுத்து அணிந்தாள். இருபத்திரண்டு பருவங்களாக, இவ்வாறு ஒற்றைக்காலில் நின்று செருப்பு மாற்றும்போது அவளுடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தார். இன்று அவர் இல்லை. ஆதலால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஜோடி எங்கே?" என்று கோட்டுகளை வாங்கி மாட்டும் பெண் கேட்டாள்.

"இன்னகேந்தி பாவ்லொவிச்சா? டிராம் நிறுத்தத்துல பனியில வழுக்கித் தொடையெலும்பு முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில காலைத் தூக்கிக் கட்டியிருக்காங்க."

"அட! ஆடறவங்களுக்குத்தான் கால் உடையும்னு நினைச்சேன். வேடிக்கை பாக்கறவங்களுக்குமா? இந்தாங்க, பைனாகுலரையும் வாடகைக்கு எடுத்துக்குங்க. அப்பதான் முடிஞ்சதும் வரிசையில நிக்காம கோட்டை வாங்கலாம்."

ரிம்மாவுக்குப் பைனாகுலர் தேவைப்படவில்லை. மூன்றாம் அடுக்கின் இடப்பக்கத்தில், முதல் வரிசையில், கைப்பிடிக் கம்பியை ஒட்டிய பதினான்காம் இருக்கையிலிருந்து மேடையின் ஒவ்வொரு பலகையையும் அவள் அறிவாள். பாலங்களை வடிவமைக்கும் அலுவலகத்தில் வரைபடங்கள் தீட்டுவது அவளுடைய தொழில்; ஆனால் அவளுடைய ஆண்டு ஜனவரியில் தொடங்கியதில்லை. செப்டம்பரில், கால்வாய்க்கரை அரங்கின் புதிய பருவத்துக்குரிய அறிவிப்பு சுவரில் ஒட்டப்படும் நாளில்தான் அது தொடங்கியது. எந்த மாலையில் எந்த பாலே, யார் ஆடுகிறார், யாருடைய பெயர் அடித்துத் திருத்தப்பட்டது என்பதையெல்லாம் அவள் ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைய டிக்கெட்டை ஒட்டினாள். அத்தகைய நோட்டுகள் அவளிடம் ஐந்து இருந்தன.

இன்றைய மாலை அந்த ஐந்து நோட்டுகளையும்விடப் பெரியது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 'படகோட்டி மகள்' பாலேவில் தலைமைப் பாத்திரத்தை அக்லாயா வெஷ்னினா ஆடவிருந்தாள். அப்பாத்திரத்துக்கு உரியவளான ஸ்தாகோவாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வேறொருத்தியும் அதைக் கற்றிருக்கவில்லை. வெஷ்னினாவுக்கு இப்போது முப்பத்தோரு வயது. இனி ஒரு வாய்ப்பு வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த பாலேவின் மூன்றாம் அங்கத்தில், துணையின் கையைப் பிடிக்காமல், ஒற்றைக்கால் விரல்நுனியில் நாயகி தனியே நிற்க வேண்டும். வாத்தியக்காரர்கள் ஒரே சுரத்தில் காத்திருப்பார்கள். மேல் அடுக்குகளில் உள்ளவர்கள் மூச்சை அடக்கி எண்ணுவார்கள். பெரும்பாலோர் நான்கு எண்ணும்வரை நிற்பார்கள். ஸ்தாகோவா ஐந்து. ஏழு ஆண்டுகளுக்கு முன் வெஷ்னினா எட்டு எண்ணும்வரை நின்றாள்.

அன்று நிகழ்ந்ததை ரிம்மா எத்தனையோ முறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எட்டாவது எண்ணில் அவளுடைய கைகள் தாமாகவே உயர்ந்தன. அப்போது இன்னகேந்தி பாவ்லொவிச் அவளுடைய மணிக்கட்டைப் பற்றினார்.

"வேண்டாம்," என்று அவர் காதோரம் சொன்னார். "இது கை தட்டற விஷயம் இல்ல, ரிம்மா சவேல்யெவ்னா. தேவாலயத்துல யாராவது கை தட்டுவாங்களா?"

அவர் சொன்னால் அதற்கு மறுசொல் கிடையாது. மருந்துக்கடைக்காரரான அவருக்கு, மருந்தை நிறுப்பதைப்போல் கைதட்டலையும் நிறுக்கத் தெரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. அவர் "பிராவோ" என்று குரல் கொடுத்தால் சரவிளக்கின் கண்ணாடிகள் அதிரும். அக்குரல் ஒருபோதும் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. எப்போது தட்ட வேண்டும், எப்போது அரை மூச்சு பொறுக்க வேண்டும் என்பதை அவரிடமிருந்தே அவள் கற்றாள். ஆதலால் அன்று அவள் தன் கைகளைக் கட்டிக்கொண்டாள். கம்பியின்மேல் சாய்ந்து, கண்ணீர் வழிய, அமைதியாக இருந்தாள். அவளைச் சுற்றியிருந்த மூன்றாம் அடுக்கு முழுவதும் அவ்வாறே இருந்தது. தாங்கள் எல்லாரும் ஒரே பேரன்பில் ஊமையானதாக அவள் எண்ணிப் பெருமைப்பட்டாள்.

மறுநாள் செய்தித்தாளில், 'அரங்கம் குளிர்ந்தே இருந்தது' என்று ஒரு வரி வந்தது. அடுத்த மாதத்திலிருந்து நாயகியின் ஆறு தோழிகளில் ஒருத்தியாகவே வெஷ்னினா ஆடினாள். ரிம்மா செய்தித்தாளைச் சபித்தாள், நிர்வாகத்தைச் சபித்தாள். வெஷ்னினா தோழியாக ஆடும் நாள்களிலும் அவளுக்குக் கார்னேஷன் பூங்கொத்து அனுப்பினாள். அட்டையில் தன் பெயரை ஒருபோதும் எழுதியதில்லை. பெயர் எழுதுவது தற்பெருமை. 'மூன்றாம் அடுக்கு, இடப்பக்கம்' என்று மட்டும் எழுதினாள். யாரோ ஒருத்தி அனுப்பியது என்பதைவிட, ஓர் அடுக்கே அனுப்பியது என்று வெஷ்னினா நினைக்கட்டும் என்பது அவளுடைய ஆசை.

இன்றும் அவ்வாறே எழுதினாள். சுரங்கப்பாதையில் பூ விற்றவள் குளிரில் விறைத்த விரல்களால் ஏழு பூக்களை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தாள். "ஒண்ணு கூடக்குறைய ஆயிட்டா நாளைக்கு வந்து என்னைத் திட்டுவீங்க. ரெட்டைப்படை கல்லறைக்கு, ஒத்தைப்படை மனுஷருக்கு," என்றாள். அந்த ஏழு பூக்களையும் மூன்றாம் அடுக்கின் வாயிலில் டிக்கெட் பார்க்கும் முதியவளான ஃபாயினா இலினிச்னாவிடம் ரிம்மா ஒப்படைத்தாள். திரை விழும்போது மேடைக்குக் கொண்டுசெல்வது அங்குள்ள ஊழியர்களின் பொறுப்பு.

நேற்று மருத்துவமனையில் இன்னகேந்தி பாவ்லொவிச் தலையணைக்கு அடியிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தபோது, அவர் வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாகவே பேசினார். "நாளைக்கு அமைதியாப் பாருங்க. கை தட்ட அவசரப்படாதீங்க," என்றார். வலியினால் அவ்வாறு சொல்கிறார் என்று அவள் கருதினாள். டிக்கெட்டுகள் எப்போதும் அவர் வழியாகவே வந்தன. நிர்வாகத்தில் அவருடைய சித்தி மகள் ஒருத்தி இருந்தாள். அந்த அம்மாளுக்காக ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ரிம்மா ஒரு ஜோடிக் கையுறை பின்னிக் கொடுப்பாள்.

முதல் மணி அடிக்கும் முன் சிற்றுண்டி மேசையருகே அவள் நின்றுகொண்டிருந்தபோது, பச்சைப் பட்டு உடை அணிந்த பருத்த பெண்மணி ஒருத்தி, மூச்சு இரைக்க, படியேறி நேராக அவளிடம் வந்தாள்.

"ரிம்மா தானே? கடவுளே, இந்தப் படிக்கட்டை எந்தப் பாவி கட்டினானோ! கேஷா எப்படித்தான் இத்தனை வருஷம் ஏறினாரோ. கால் இதுலயே தேஞ்சு போயிருக்கும். வழுக்கினதெல்லாம் சும்மா சாக்கு."

இன்னகேந்தி பாவ்லொவிச்சை 'கேஷா' என்று அழைக்கும் ஒருவரை ரிம்மா அதுவரை சந்தித்ததில்லை. அவளே இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தந்தை பெயரையும் சேர்த்தே அவரை அழைத்துவந்தாள்.

"மன்னிக்கணும். நாம இதுக்கு முன்னாடி…"

"நான் ஸ்டெல்லா. ரெண்டாம் அடுக்கு வலப்பக்கம். நம்ம மேஸ்திரி கேஷா படுத்துட்டார் இல்ல, அதனால இன்னிக்கு மேலயும் கீழயும் என் தலையில. சரி, மணி அடிக்கறதுக்குள்ள கேட்டுக்குங்க. வெஷ்னினாவுக்கு இன்னிக்கு ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணும் கிடையாதுன்னா?"

"கிடையாதுன்னா கிடையாது. மேடைக்கு வரும்போதும் தட்டக்கூடாது, ஒத்தைக்கால்ல நிக்கும்போதும் தட்டக்கூடாது. கூட மாலுமி வேஷத்துல ஆடறவனுக்கு மட்டும் கொஞ்சம் தட்டலாம், பாவம், அவன் யாருக்கும் கெடுதல் பண்ணல."

"யார் அப்படிச் சொன்னது?"

"ஸ்தாகோவா வீட்டுக்காரர்தான், வேற யாரு? அவ மார்ச்சுல திரும்பி வர்றா. அதுக்குள்ள இவ நல்ல பேர் வாங்கிட்டா அவ எங்க போவா? ஏழு வருஷத்துக்கு முன்னாடி பண்ணினோமே, அதே மாதிரிதான். நீங்க அன்னிக்குப் பிரமாதம்."

ரிம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல, அதுதான் அழகு! கையைக் கட்டிக்கிட்டு, கம்பிமேல சாஞ்சு, கண்ணுல தண்ணியா ஊத்துது. மாடத்துல உக்காந்திருந்த பெரிய மனுஷங்க எல்லாம் உங்களையே பாத்தாங்க. 'அந்த அம்மாவே தாங்க முடியாம அழுவுது, அவ்வளவு மோசமா ஆடிட்டா போல'ன்னு ஒருத்தர் சொன்னதை என் காதால கேட்டேன். நம்ம பட்டியல்ல உங்களுக்குப் பேரு கூடக் கிடையாது, தெரியுமா? 'அழுகைக்காரி'ன்னுதான் போட்டிருக்கும். கேஷா எப்பவும் சொல்லுவார், மத்த பத்துப் பேரும் கூலி, இவ ஒருத்தி நெஜம். நெஜத்தை நடுவுல உக்கார வெச்சாத்தான் கூலியும் நெஜமாத் தெரியும்னு."

"நான் எந்தப் பட்டியல்லயும் இல்ல," என்றாள் ரிம்மா. "எனக்கு டிக்கெட் குடுக்கறது அவரோட சித்தி மக. நிர்வாகத்துல வேலை செய்யறவங்க."

"சித்தி மகளா!" ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "டிக்கெட்டைக் காட்டுங்க. மேல இடது மூலை இருக்கா? இல்ல பாருங்க. அது கிழிஞ்சிருந்தா வாசல்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நம்ம ஆளுன்னு அர்த்தம்."

பிறகே அவள் ரிம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"ஐயோ. அந்த மனுஷன் உங்ககிட்ட சொல்லவே இல்லையா? நான் ஒண்ணும் சொல்லல, சரியா? நீங்களும் ஒண்ணும் கேக்கல."

மணி அடித்தது. பச்சைப் பட்டு கீழே இறங்கிச் சென்றது.

ரிம்மா வாயிலுக்கு விரைந்தாள். "ஃபாயினா இலினிச்னா, இந்த மூலை கிழிஞ்ச டிக்கெட்…"

"எனக்கு எதுக்கும்மா அந்தக் கதை? கிழிஞ்சது வந்தா உள்ள விடணும், கிழியாதது வந்தா நான் கிழிக்கணும். முப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்ச கலை இவ்வளவுதான்."

"அப்ப இந்தப் பக்கம் எல்லாரும்…"

"இந்தப் பக்கம்னா இந்தப் பக்கம்தான். மேடையில நிக்கற சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே, மூணாம் அடுக்கு இடப்பக்கம் யாருதுன்னு."

அச்சொற்கள் ரிம்மாவின் நெஞ்சில் சென்று தைக்க ஒரு கணம் ஆயிற்று. ஏழு ஆண்டுகளாக அவள் அட்டையில் எழுதியனுப்பிய முகவரி, கூலிக்குக் கை தட்டுவோரின் முகவரி. வெஷ்னினாவை வீழ்த்தியவர்கள் எவர்களோ, அவர்கள் பெயரால், அவள் வீழ்ந்த பிறகும், பூக்கள் சென்றுகொண்டே இருந்திருக்கின்றன.

"என் பூங்கொத்து! அதைத் திருப்பிக் குடுங்க. அட்டையை மட்டும் எடுத்துடறேன்."

"அது அப்பவே கீழ போயிடுச்சே. உக்காருங்கம்மா, விளக்கு அணையப் போவுது."

அவள் பதினான்காம் இருக்கையில் அமர்ந்தாள். தன் வலப்புறத்திலும் இடப்புறத்திலும் பின்வரிசையிலும் இருந்தவர்களை முதன்முறையாக உற்றுப் பார்த்தாள். எல்லாரும் பல ஆண்டுகளாகத் தலையசைத்து வணக்கம் சொன்ன முகங்கள். கூட்டுறவு வங்கிக்காரர், பல் மருத்துவரின் மனைவி, புருவம் அடர்ந்த ஓய்வுபெற்ற மாலுமி. தன்னைப்போல் பாலே பைத்தியம் பிடித்தவர்கள் என்று அவள் எண்ணியிருந்தவர்கள். அவர்கள் எல்லாரும் கைகளை மடியில் வைத்து, ஓய்வு நாளில் அமர்ந்திருக்கும் தொழிலாளர்களைப்போல் நிம்மதியாக அமர்ந்திருந்தனர்.

முதல் அங்கத்தில் படகுத்துறையின் படிகளில் வெஷ்னினா தோன்றினாள். தலைமைப் பாத்திரம் மேடையேறும்போது அரங்கம் கை தட்டி வரவேற்பது அவ்வூரின் நாகரிகம். முதலில் மேல் அடுக்கு தட்டும், பின்னர் கீழ்த்தளம் தொடரும். மேல் அடுக்கு தட்டவில்லை. கீழ்த்தளம் காத்திருந்துவிட்டு அடங்கியது. ரிம்மா தட்ட விரும்பினாள். ஆயினும் அவளுடைய கைகள் எழவில்லை. அவை ஒரு குரலுக்காகக் காத்திருந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த "பிராவோ"வுக்குப் பின்னாலேயே தட்டிப் பழகிய கைகளுக்கு, தாமாகத் தொடங்குவது எப்படி என்பது மறந்துபோயிருந்தது. அவள் அவற்றை ஒன்றோடொன்று மோதவைத்தபோது, வெஷ்னினா இரண்டாவது சுழற்சியில் இருந்தாள். நான்கு தட்டல்கள், காலி அறையில் கதவு அடித்துக்கொள்வதைப்போல் ஒலித்தன.

வெஷ்னினாவின் பார்வை மேலே, இடப்பக்கம் சென்றது. அவளுடைய புன்னகை அசையவில்லை. ஆனால் அடுத்த அடியை அவள் அரைக்கணம் தாமதித்து வைத்தாள். அதைக் கவனிக்கக்கூடிய கண்கள் அரங்கில் இருபது இருந்திருக்கலாம். ரிம்மாவின் கண்கள் அவற்றுள் அடங்கும்.

"அம்மா, இன்னிக்கு இல்ல," என்று ஓய்வுபெற்ற மாலுமி அவள் தோளருகே குனிந்து கனிவோடு நினைவூட்டினார். அவள் மறந்துவிட்டதாகவே அவர் கருதினார்.

இரண்டு இடைவேளைகளிலும் அவள் இருக்கையை விட்டு எழவில்லை.

மூன்றாம் அங்கம் வந்தது. துறையில் படகு இல்லை. நாயகி தனியே முன்வந்து, வலது காலைப் பின்னால் உயர்த்தி, இடக்கால் விரல்நுனியில் எழுந்தாள். வயலின்கள் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டன. ரிம்மா எண்ணினாள். மூன்று. நான்கு. வெஷ்னினாவின் விரல்கள்கூட நடுங்கவில்லை. ஆறு. வாத்தியங்களை நடத்தியவர் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார். இன்னும் எவ்வளவு நேரம் என்று அவருக்குப் புரியவில்லை. எட்டு. இளமையில் நின்ற இடம் இது. இதற்கு மேல் நிற்க அவளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒன்பது.

குதிகால் பலகையைத் தொட்டது. ரிம்மா எழுந்து நின்றாள். இம்முறை அவள் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. கைகள் வலிக்கத் தட்டினாள், வாழ்வில் முதன்முறையாக, "பிராவோ!" என்று கத்தினாள். பழகாத தொண்டையிலிருந்து அது கரகரத்து, பாதியில் உடைந்து வெளிவந்தது. கீழ்த்தளத்தில் ஏழெட்டுப் பேர் தயக்கத்தோடு தட்டத் தொடங்கினர். மேலே அந்த ஒருத்தியைத் தவிர எவரும் தட்டவில்லை என்பதைக் கண்டு, தவறு செய்துவிட்டோமோ என்று அவர்களும் நிறுத்திக்கொண்டனர். யாரோ "ஷ்ஷ்" என்றார்.

திரை விழுந்து மீண்டும் உயர்ந்தபோது, ஒரே ஒரு பூங்கொத்து மேடைக்கு வந்தது. ஏழு கார்னேஷன் பூக்கள். வெஷ்னினா அட்டையைப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தி, கம்பியருகே கண்ணீரோடு நின்று தட்டிக்கொண்டிருந்த பெண்ணை நெடுநேரம் பார்த்தாள். அவளை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பதில் ஐயமில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பும் அங்கேதான், அதே கம்பியருகே, இதே கண்ணீர் வழிந்தது.

துணையாக ஆடியவனுக்குப் பூங்கொத்திலிருந்து ஒரு பூவை உருவிக் கொடுப்பது நடனமணிகளின் வழக்கம். வெஷ்னினா ஒரு பூவை உருவி மாலுமி வேடமிட்டவனுக்குக் கொடுத்தாள். எஞ்சியவற்றைக் குனிந்து, மேடையின் விளிம்பில், மிகக் கவனமாகக் கிடத்தினாள். ஆறு பூக்கள். கல்லறைக்கு வைக்கும் எண்ணிக்கை. அதன்பின் அவள் வலப்பக்கம் வணங்கினாள், நடுப்பக்கம் வணங்கினாள், கீழ்த்தளத்துக்கு வணங்கினாள். இடப்பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், ரிம்மா ஐந்து நோட்டுகளையும் ஒரு பையில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்குச் சென்றாள். அதே பையில், முட்டைக்கோஸ் பூரணம் வைத்துச் சுட்ட ரொட்டியும் இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மறுநாள் அவருக்காக அதைச் சுடுவது அவளுடைய பழக்கம். விடியலில் மாவு பிசைந்து முடித்த பிறகே, எதற்காகப் பிசைகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"வந்துட்டாங்கய்யா உன் டான்ஸ் அம்மா!" என்று பக்கத்துக் கட்டிலில் கழுத்துக் கட்டோடு கிடந்த டிராம் ஓட்டுநர் அறிவித்தார். "காலையிலேருந்து பத்து தடவை மணி கேட்டாச்சும்மா இவரு. மருந்து நேரம்தான் தப்பிப்போச்சோன்னு நர்ஸே பயந்துட்டா."

இன்னகேந்தி பாவ்லொவிச்சின் கால் கப்பியில் தொங்கியது. முகம் மழித்திருந்தது; முடி சீவியிருந்தது. "உக்காருங்க, உக்காருங்க, ரிம்மா சவேல்யெவ்னா. கோட்டைக் கூட அப்புறம் கழட்டலாம். மொதல்ல மூணாவது அங்கத்தைச் சொல்லுங்க."

அவள் ஒரு நோட்டைத் திறந்து அவருடைய போர்வையின்மேல் வைத்தாள். பக்கங்களைப் புரட்டினாள். பிறகு அடுத்த நோட்டு. இருபத்திரண்டு பருவங்களின் டிக்கெட்டுகள், வரைபடக்காரியின் நேர்த்தியோடு ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றிலேனும் மேல் இடது மூலை இல்லை.

அவர் கிழிந்த மூலை ஒன்றை விரலால் தடவினார்.

"ஸ்டெல்லா," என்றார்.

"ஆமா."

"என் காலுக்குப் போட்ட கட்டை அவ வாய்க்குப் போட்டிருக்கணும்."

ரிம்மா சிரிக்கவில்லை. "உங்க சித்தி மக பேரு என்ன?"

"யாரு?"

"நிர்வாகத்துல இருக்காங்களே. நான் வருஷா வருஷம் கையுறை பின்னிக் குடுத்தேனே, அவங்க. பேரு என்ன?"

"அப்படி யாரும் இல்ல, ரிம்மோச்கா," என்று அவளைச் செல்லப்பெயரால் அழைத்தார்.

"கையுறையெல்லாம்?"

அவர் சுவர்ப்பக்கம் பார்த்தார். "ஸ்டெல்லா போட்டுக்கிட்டா. நல்ல கதகதப்பா இருக்குன்னு சொன்னா."

டிராம் ஓட்டுநர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் பக்கத்தைப் புரட்டவில்லை.

"கேளுங்க," என்று இன்னகேந்தி பாவ்லொவிச் தலையணையிலிருந்து எழ முயன்று, முடியாமல் சாய்ந்தார். "நான் உங்களைப் பொய்யாத் தட்டச் சொன்னதே இல்ல. மத்தவங்களுக்கு இங்க தட்டு, அங்க தட்டுன்னு சொல்லுவேன். உங்ககிட்ட மட்டும் வாயே திறக்க மாட்டேன். பிடிக்காத ஒருத்திக்கு நீங்க ஒரு தடவையாவது தட்டியிருக்கீங்களா? இல்லையே! உங்களுக்குப் பிடிச்சவங்க ஆடற நாள்லதான் உங்களுக்கு டிக்கெட் குடுத்தேன். அதுக்காக எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா?"

"ஒரு நாள் வாயைத் திறந்தீங்க."

அவருடைய கை போர்வையின் விளிம்பைத் தேடியது.

"தேவாலயத்துல யாராவது கை தட்டுவாங்களான்னு கேட்டீங்க."

"அது அந்த ஒரு தடவைதான்."

"அவளுக்கும் அந்த ஒரு தடவைதான் இருந்துச்சு, இன்னகேந்தி பாவ்லொவிச்."

தாழ்வாரத்தில் உணவு வண்டி உருண்டு சென்றது. அவர் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒருத்தி தட்டியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது."

"தெரியும். நேத்து தட்டிப் பாத்தேன்."

அவருடைய தலை சட்டென்று திரும்பியது. குற்றவுணர்வு, வெட்கம், வலி ஆகிய அனைத்தையும் தள்ளிக்கொண்டு வேறொன்று அந்த முகத்தில் ஏறியது. அதை அவள் இருபத்திரண்டு ஆண்டுகளாக அறிவாள். விளக்கு அணையும் கணத்தில் அவர் முகத்தில் தோன்றும் பசி அது. அதில் பொய் இல்லை. அதுவே அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"தட்டினீங்களா? அப்ப நின்னிருக்கா! நல்லா நின்னிருக்கா, இல்லன்னா நீங்க தட்ட மாட்டீங்க. எத்தனை எண்ணினீங்க?"

ரிம்மா நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினாள். அந்த எண்ணிக்கையின் பொருள் முழுமையாக விளங்கக்கூடிய மனிதர் இவ்வுலகில் ஒருவர்தான் என்பதையும், அவர் இதோ தன் முன்னே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடக்கிறார் என்பதையும் அவள் உணர்ந்தாள். பிறகு பையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து, கட்டிலைச் சுற்றிச் சென்று, டிராம் ஓட்டுநரின் மேசைமீது வைத்தாள்.

"எனக்கா?" என்றார் அவர்.

"காஞ்சு போயிடும். சாப்பிடுங்க."

"ரிம்மா சவேல்யெவ்னா," என்றார் இன்னகேந்தி பாவ்லொவிச். "என்னைப் பத்தி என்ன வேணாலும் நினைச்சுக்குங்க. இனிமே பாக்க வர வேண்டாம். அந்த எண்ணை மட்டும் சொல்லிட்டுப் போங்க. ஒரே ஒரு எண்."

அவள் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டாள்.

"சொல்லிடுங்கம்மா," என்றார் ஓட்டுநர், வாய் நிறைய ரொட்டியோடு. "மனுஷன் தூங்க மாட்டாரு."

"தூங்க வேண்டாம்," என்றாள் ரிம்மா.

அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். படிக்கட்டை அடையும் முன், பின்னால் அந்தக் குரல் எழுந்தது. சரவிளக்கை அதிரவைத்த அக்குரலுக்கு மருத்துவமனைச் சுவர்கள் பொருட்டல்ல. நர்சுகள் திரும்பிப் பார்த்தனர்.

"ஆறா?"

அவள் முதல் படியில் கால் வைத்தாள்.

"ஏழா? ரிம்மோச்கா! எட்டா?"

அவள் நின்று காத்திருந்தாள், அவர் அடுத்த எண்ணைக் கேட்பாரா என்று. அவர் கேட்கவில்லை. எட்டுக்கு மேல் ஒருத்தி நிற்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரிம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நோட்டுகளின் கனத்தோடு, கீழே இறங்கினாள்.